ஆஜிலா: கையில் இருக்கும் சிகரெட்டும் கண்ணில் படாத நாளையும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! புகைப்பழக்கம் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடனே, “ஹஜ்ரத் இன்றைக்குக் கேன்சரைச் சொல்லிப் பயமுறுத்தப் போகிறார்” என்று சிலர் நினைக்கலாம். அந்த வேலையைச் சிகரெட் பாக்கெட்டே செய்துகொண்டிருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்பது சட்டம். அந்தப் படத்தின் மேலேயே கை வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துப் பற்ற வைக்கிறோம். 2016-17ல் மத்திய அரசு எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைத்தால் கடுமையான நோய் வரும் என்று நம்புகிறவர்கள் நூற்றுக்கு 92 பேருக்கு மேல். புகைப்பவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள், 55.4 சதவீதம் பேர், விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

ஆக, தெரியாமல் புகைப்பவர் மிகக் குறைவு. தெரிந்தும், விட வேண்டும் என்று விரும்பியும், அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் கால் தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் திரும்புகிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

குர்ஆன் இந்த நோய்க்கு வைத்த பெயர்

அரபியில் ‘அஜல்’ என்றால் அவசரம். அதிலிருந்து வந்த சொல் ‘ஆஜிலா’, உடனே கிடைத்துவிடுவது என்று பொருள். ஸூரா கியாமாவின் 20, 21ஆம் வசனங்களில் அல்லாஹ் மனிதர்களைப் பார்த்து, நீங்கள் ஆஜிலாவை நேசிக்கிறீர்கள், ஆகிரத்தை விட்டுவிடுகிறீர்கள் என்ற கருத்தைச் சொல்கிறான். ‘துன்யா’ என்ற சொல் இருக்க, இங்கே துன்யாவுக்கு ஏன் இந்தப் பெயர்? துன்யாவின் மீது நமக்குள்ள ஆசைக்குக் காரணம் அது பெரியது என்பதல்ல, அது சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதுதான். இந்தப் பெயரிலேயே நோயின் காரணம் இருக்கிறது. ஸூரா தஹ்ரின் 27ஆம் வசனத்திலும் இதே சொல் வருகிறது. அங்கே மனிதர்கள் கனமான ஒரு நாளைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் போட்டுவிடுகிறார்கள் என்ற சித்திரமும் சேர்ந்து வருகிறது. அந்த நாள் இல்லை என்று அவர்கள் நிரூபித்துவிடவில்லை. அதைப் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மனிதன் அவசரக்காரனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்பதையும் ஸூரா அன்பியாவின் 37ஆம் வசனம் சொல்கிறது. இதை நினைவில் வைத்தால், புகைக்கிற ஒருவரை நாம் வேறு ஜாதிப் பிறவியைப் போலப் பார்க்க மாட்டோம். அவரிடம் இருப்பது நம் எல்லோரிடமும் இருப்பதுதான். அவரிடம் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

“கொஞ்சம் கூடுதல்” என்று சும்மா சொல்லவில்லை. இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நாளைக்குத் தள்ளுபடி

1999ல் அமெரிக்காவில் வாரன் பிக்கல், ஏமி ஓடம், கிரிகரி மேடன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தற்போது சிகரெட் புகைப்பவர்கள், புகைத்துவிட்டு நிறுத்தியவர்கள், எப்போதுமே புகைக்காதவர்கள் என்று மூன்று வகையினரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் பணத்தைப் பற்றி ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் கணக்கில் சொல்வதென்றால், “ஒரு வருடம் கழித்து 1,000 ரூபாய் வேண்டுமா, இப்போதே 800 வேண்டுமா? 600 கொடுத்தால்? 400 கொடுத்தால்?” என்பது போல. காத்திருக்கும் காலத்தை ஒரு வாரத்திலிருந்து 25 வருடம் வரை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். உண்மைப் பணம் அல்ல, கற்பனைப் பணம்தான். ஆனாலும் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

வரப்போகும் பணத்தின் மதிப்பை எல்லோருமே குறைத்துத்தான் பார்த்தார்கள். ஆடித் தள்ளுபடி மாதிரி, ‘நாளை’ என்றாலே மனம் விலையைக் குறைத்துவிடுகிறது. ஆனால் புகைப்பவர்கள் மற்ற இரு வகையினரையும் விட அதிகமாகக் குறைத்தார்கள். அதே புகைப்பவர்களிடம் பணத்துக்குப் பதிலாகச் சிகரெட்டை வைத்துக் கேட்டபோது, தாமதமாகக் கிடைக்கும் சிகரெட்டின் மதிப்பு பணத்தை விடவும் வேகமாகச் சரிந்தது. அவருக்குச் சிகரெட் என்றால் இந்த நிமிடத்துச் சிகரெட்தான். அடுத்த மாதம் ஒரு பெட்டி நிறையத் தருகிறேன் என்றால் அது அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

மூன்றாவது விஷயத்தைக் கவனித்துப் படியுங்கள். புகைத்துவிட்டு நிறுத்தியவர்களுக்கும், எப்போதுமே புகைக்காதவர்களுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்தியதால் அவர்களுக்குப் பொறுமை திரும்பி வந்ததா, அல்லது முதலிலேயே பொறுமை உள்ளவர்களால்தான் நிறுத்த முடிந்ததா? அந்த ஒரு ஆய்வை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எப்படியானாலும், ஒரு காலத்தில் தினமும் பற்ற வைத்தவர்கள் இன்று புகைக்காதவர்களைப் போலவே நாளையை மதிப்பிடுகிறார்கள் என்பது நமக்குக் கிடைக்கிற செய்தி. “என் சுபாவமே இப்படித்தான் ஹஜ்ரத்” என்று சொல்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

தொப்பூர் இறக்கம்

இந்தத் தள்ளுபடிக் கணக்கு தர்மபுரிக்காரர்களுக்குப் புதிதல்ல. சேலம் போகும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். கனரக லாரிகளை ஓட்டி வரும் சிலர், கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்று அந்த இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். மிச்சமாகிற டீசல் இப்போதே கணக்கில் ஏறுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது இன்னும் சில கிலோமீட்டர் தாண்டித்தான். அதனால் அது மனதில் எடை போடுவதில்லை. அந்த ஓட்டுநருக்கு வண்டி தெரியாதா? பிரேக் தெரியாதா? நம்மை விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விடுகிறார். எத்தனை ஜனாஸாக்களை அந்த இறக்கம் கொடுத்திருக்கிறது!

சிகரெட்டில் இந்த இடைவெளி இன்னும் மோசம். ஒரு இழுப்பு இழுத்தால் நிகோடின் மூளையைத் தொடுவதற்கு 10 முதல் 20 வினாடி போதும். கேடு வந்து சேர 20 வருடம், 30 வருடம் ஆகிறது. வினாடிக் கணக்கில் கூலி, வருடக் கணக்கில் தண்டனை என்றால், அவசரத்தில் படைக்கப்பட்ட மனிதனின் நஃப்ஸ் எதைத் தேர்ந்தெடுக்கும்? அந்தக் கூலியிலும் ஒரு ஏமாற்று உண்டு. சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து நிகோடின் குறைந்ததும் ஏற்படுகிற எரிச்சலும் தவிப்பும்தான் அடுத்த சிகரெட்டால் அடங்குகின்றன. “மனசு லேசாகிறது” என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். முந்தைய சிகரெட் ஏற்றி வைத்த பாரத்தை அடுத்த சிகரெட் இறக்கி வைக்கிறது.

மெதுவாக வரும் கேட்டை நம்ப மறுக்க நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உரிமையே இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என்ன செய்தது? குடிக்கும்போது இனிப்பாகத்தான் இருந்தது. வருடங்கள் போனபின் பல்லில் பழுப்புக் கறை, சிலருக்கு மூட்டும் முதுகும் வளைந்து போனது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல் தொடங்கி வைத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. சிகரெட்டுக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

கேடு எவ்வளவு என்றும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் 1951ல் தொடங்கி, மருத்துவர்களையே 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களை விடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு அதில் 3 ஆண்டு, 50ல் நிறுத்தியவர்களுக்கு 6, 40ல் 9, 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறக்குறைய முழுவதுமே மிஞ்சியது. அஜல் அல்லாஹ்வின் கையில் என்பது நம் ஈமான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு கிணற்றில் குதிப்பதற்கு எந்த இமாமும் அனுமதி கொடுக்கவில்லை. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்து ஸூரா பகராவின் 195ஆம் வசனத்தில் இருக்கிறது.

“மக்ரூஹ்தானே, ஹராம் இல்லையே” என்ற கேள்வி எப்போதும் வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்த காலத்தில் உலமாக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. 1731ல் வஃபாத்தான அப்துல் கனீ நாபுலுஸீ (ரஹ்) போன்ற பேரறிஞர், ஆகுமானது என்றே ஒரு நூல் எழுதினார். அவர் காலத்தில் இதன் கேடு இப்படி எண்ணிக்கையோடு நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. இன்று நிரூபணமான பிறகு, உலகின் பல ஃபத்வா மன்றங்கள் ஹராம் என்ற பக்கமே வந்திருக்கின்றன. முந்தைய ஆலிமின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு அவருக்குக் கிடைக்காத ஆதாரத்தை மட்டும் விட்டுவிடுவது நேர்மையான தக்லீத் அல்ல. பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு. அதைத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). சிகரெட் வாடையோடு ஸஃப்பில் நிற்பவர், பக்கத்தில் நிற்கும் தொழுகையாளியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

காலையில் எடுத்த முடிவு மாலையில் எங்கே போகிறது?

காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, “இன்றிலிருந்து தொடமாட்டேன்” என்று மனதார உறுதி எடுப்பார். மாலையில் பற்ற வைத்துவிட்டு, “நான் ஒரு முனாஃபிக்” என்று தன்னையே திட்டிக்கொள்வார். அப்படியல்ல சகோதரரே. பொம்மிடிப் பக்கம் வயலில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. நடந்து போய் ஒரு மாட்டுக்கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றுபாருங்கள். மலை மறைந்துவிடும், சுவர்தான் தெரியும். சுவர் மலையை விடப் பெரிதாகிவிட்டதா? நீங்கள் அதற்கு மிக அருகில் போய்விட்டீர்கள். காலையில் சிகரெட்டும் தூரத்தில் இருந்தது, ஆரோக்கியமும் தூரத்தில் இருந்தது. அப்போது எது பெரியது என்று சரியாகத் தெரிந்தது. மாலையில் டீக்கடையில் நண்பர் பாக்கெட்டை நீட்டும்போது நீங்கள் சுவரை ஒட்டி நிற்கிறீர்கள். காலையில் எடுத்த முடிவும் உண்மைதான்.

ஆகவே மருந்து இரண்டு பக்கம் இருக்க வேண்டும். சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும், மலையை அருகில் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஸூரா ஹஷ்ரின் 18ஆம் வசனத்தில், ஒவ்வொருவரும் ‘நாளைக்காக’ என்ன அனுப்பி வைத்திருக்கிறோம் என்று பார்க்கும்படி அல்லாஹ் ஏவுகிறான். மறுமையை ஏன் ‘நாளை’ என்றான்? தாபிஈன்களில் ஒருவரான கதாதா (ரஹ்) அவர்கள், அல்லாஹ் மறுமையை நெருக்கி நெருக்கிக் கொண்டுவந்து கடைசியில் நாளைக்கு வரும் நாளாகவே ஆக்கிவிட்டான் என்ற கருத்தில் விளக்குகிறார்கள். பாருங்கள், தள்ளுபடி நோய்க்கு இதுதான் மருந்து. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் வைப்பது. 2016ல் பிக்கல் குழுவினர் செய்த இன்னொரு ஆய்வில், புகைப்பவர்களைத் தங்கள் எதிர்காலத்தில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகளை மனக்கண்ணால் தெளிவாகப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தவர்களிடம் இந்த அவசரக் கணக்கும் குறைந்தது, புகைத்த அளவும் குறைந்தது.

எனவே “எதிர்காலம்” என்று மொத்தமாக யோசிக்காதீர்கள். மகளின் நிக்காஹ் மஜ்லிஸை யோசியுங்கள். எந்த மண்டபம், வலியாக நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், அன்று நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குமா வாங்காதா என்று பாருங்கள். உம்ரா நிய்யத் இருந்தால் ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கு ஏழு முறை நடப்பதை யோசியுங்கள். தினம் 100 ரூபாய் புகையில் போகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 36,500, பத்து வருடத்துக்கு 3,65,000 ரூபாய். பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்வி மறுமையில் உண்டு என்பது திர்மிதீயில் வரும் ஹதீஸின் கருத்து. அந்தக் கேள்விக்குக் கப்ரில் படுத்துக்கொண்டு பதில் தேட முடியாது.

இதில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். தினக்கூலிக்குப் போகிறவர், நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், இன்றைக்குக் கையில் கிடைப்பதையே நம்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடன் நெருக்கும்போது மாந்தோப்பைப் பூவிலேயே பேசி விற்றுவிடுகிற விவசாயி அறிவில்லாமல் அதைச் செய்யவில்லை. (காய் பக்குவப்படுவதற்கு முன் விற்பதைப் பற்றிய மார்க்கத் தடை தனிப் பாடம், இன்னொரு ஜும்ஆவில் பார்ப்போம்.) நம் நாட்டில் சிகரெட்டை விடப் பீடி புகைப்பவர்களே அதிகம். அந்தப் பீடி பெரும்பாலும் இருப்பது இப்படிப்பட்ட கைகளில்தான். ஏஸி அறையில் இருப்பவர் அவரைப் பார்த்து “கட்டுப்பாடு இல்லாதவன்” என்று சொல்வது எளிது. அவருடைய நாளையை நிச்சயமாக்க இந்த மஹல்லா என்ன செய்தது? பைத்துல்மாலில் அவர் பெயர் இருக்கிறதா?

ரமலான் சொல்லும் சாட்சி

இப்போது சுவரிலிருந்து விலகுவது. “அரை மணி நேரம் கூட முடியாது” என்பவரை ரமலானில் பாருங்கள். ஸஹர் முடிந்து மஃரிப் வரை 13 மணி நேரத்துக்கு மேல் தொடுவதில்லை. புகைத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது தெரியும், அதனால் பாக்கெட் சட்டைப் பையில் இருந்தாலும் கை போவதில்லை. ஒரு நாளல்ல, 29 அல்லது 30 நாள். எந்த மருத்துவமனையும் அவரைப் பூட்டி வைக்கவில்லை. இங்கே அவர் என்ன செய்தார்? விடியும் முன், சுவர் தூரத்தில் இருக்கும்போதே நிய்யத் வைத்துவிட்டார். பகலில் ஒவ்வொரு தடவையும் “இப்போது வேண்டுமா வேண்டாமா” என்று நஃப்ஸோடு பேரம் பேசவில்லை. வீட்டார், கடைக்காரர், நண்பர்கள் எல்லோருமே அவரோடு சேர்ந்து நோன்பு வைத்திருந்தார்கள்.

வருத்தம் என்னவென்றால், அதே மனிதர் நோன்புக் கஞ்சி ஆறுவதற்குள் பள்ளியின் பின்பக்கம் போய்விடுகிறார். மஃரிப் ஜமாஅத்தின் முதல் ரக்அத் போய்விடுகிறது. பகல் முழுக்கச் சேர்த்த பொறுமையை இரவில் செலவழிக்காமல், இஷா வரை, தராவீஹ் வரை, பிறகு தூக்கம் வரை என்று நீட்டிப் பாருங்கள். விட்ட பிறகு தவிப்பு கடுமையாக இருப்பது முதல் சில நாட்கள்தான், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒவ்வொரு முறை வரும் ஆசையும் சில நிமிடங்களே நிற்கும். கப்ருக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்மணிக்கு நபி (ஸல்) அவர்கள், ஸப்ர் என்பது முதல் அடி விழும் நேரத்தில் காட்டுவதுதான் என்ற பாடத்தைச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுக்கு முதல் அடி. உளூ செய்யுங்கள், இரண்டு ரக்அத் தொழுங்கள், தண்ணீர் குடியுங்கள், அந்த இடத்தை விட்டு எழுந்து நடங்கள். அப்துல் கைஸ் கூட்டத்தார் நபி (ஸல்) அவர்களைப் பார்க்கும் ஆசையில் வாகனத்திலிருந்து இறங்கி ஓடியபோது, அஷஜ் (ரலி) மட்டும் நின்று, சாமான்களைச் சரிசெய்து, நல்ல ஆடை உடுத்தி நிதானமாக வந்தார்கள். அவர்களிடம் அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்: சகிப்பும் நிதானமும் (முஸ்லிம்). நல்ல காரியத்துக்கு ஓடுவதிலேயே இந்த நிதானம் பாராட்டப்பட்டது.

ஒரு காரியத்தில் மட்டும் நிதானம் வேண்டாம். “இந்தப் பாக்கெட் தீரட்டும், பிறகு விடுகிறேன்” என்ற பேச்சு. மது ஹராமான செய்தி வந்தபோது அபூ தல்ஹா (ரலி) வீட்டில் அனஸ் (ரலி) ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடு என்றார்கள், மதீனாவின் தெருக்களில் அது ஓடியது (புகாரி). குடத்தில் இருப்பது தீரட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுப் பிள்ளைகளை 21 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். நாளையின் மதிப்பை அதிகமாகக் குறைத்துப் பார்த்த பிள்ளைகளே பின்னர் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அப்படியென்றால் சிகரெட் கைக்கு வரும் முன்பே வேலை தொடங்கியாக வேண்டும். மக்தபுக்கு வரும் பையனுக்கு உண்டியல் வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் சேர்த்து அவன் ஆசைப்பட்டதை அவனே வாங்கட்டும். கேட்டவுடன் போனைக் கையில் கொடுக்காதீர்கள். “சிகரெட் வாங்கி வா” என்று மகனைக் கடைக்கு அனுப்பும் தகப்பன்மார் இன்றும் இருக்கிறார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதும், பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் சட்டப்படி குற்றம். நம் மஹல்லாவில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் அவர்களை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துப் பேசலாம். ஒற்றைச் சிகரெட்டாகப் பிரித்து விற்பதை நிறுத்தினாலே, கையில் பத்து ரூபாய் இருக்கும் பையனுக்கும் சிகரெட்டுக்கும் இடையே கொஞ்சம் தூரம் விழும்.

விட நினைப்பவர்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கம் போன்ற மருந்துகளை டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. வரும் திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்புகளிலிருந்து தொடங்க விரும்புகிறவர்கள், இன்று தொழுகை முடிந்ததும் பள்ளியின் அலுவலக அறைக்கு வாருங்கள். இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறோம். ஆசை வரும் நேரத்தில் ஒருவர் மற்றவருக்குப் போன் செய்தால், அந்தச் சில நிமிடங்கள் பேச்சிலேயே கழிந்துவிடும். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டாம், பள்ளியிலேயே பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருக்கும், மஃரிப் முடிந்து இஷா வரை சேர்ந்தே உட்காருவோம்.